டி.எம்.எஸ். மட்டுமா எம்.ஜி.ஆர். குரல்?

நிலக்கோட்டை மாரியம்மன் திருவிழாவோ பக்கத்துக் கிராமத்துக் காதுகுத்தோ, மைக் செட் கட்டியாயிற்று என்றால் சாமி பாட்டு இரண்டு முடிந்த கையோடு எம்.ஜி.ஆர். பாட்டு கிளம்பிவிடும். கிளம்புவது பெரும்பாலும் டி.எம்.சௌந்தரராஜன் பாடியதாகத்தான் இருக்கும். அரை நூற்றாண்டுக்கு மேலாக இப்படிக் கேட்டுப் பழகியதில் திண்டுக்கல் சீமையில் ஒரு தீர்ப்பு எழுதாமலே நிலைத்துவிட்டது. எம்.ஜி.ஆருக்குக் குரல் ஒன்றுதான், அது டி.எம்.எஸ். குரல், மற்றவர்கள் எல்லாரும் அவர் இல்லாத வேளையில் வந்துபோன ஒப்புக்குச் சப்பாணிகள், 1969-இல் பாலசுப்ரமணியமும் அவருக்குப் பின்னால் யேசுதாசும் உள்ளே வந்ததிலிருந்து எம்.ஜி.ஆர். பாட்டில் எம்.ஜி.ஆர். குறைந்துவிட்டார். டீக்கடை பெஞ்சோடு நிற்கும் பேச்சில்லை இது. நினைவுக் கட்டுரை எழுதுகிறவர்களும் மெல்லிசை மேடையில் மைக் பிடிக்கிறவர்களும் இதையே வேறு சொற்களில் சொல்லிவருகிறார்கள். சௌந்தரராஜன் பெரிய பாடகர் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. ஆனால் இந்தத் தீர்ப்பின் மூன்று பகுதிகளில் ஒன்றுகூடச் சான்றுக்கு முன்னால் நிற்காது. அவரைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அவரையே அது சிறுக்கவைக்கிறது என்பதும் என் வாதம்.

முதலில் ‘அசல்’ யார் என்ற கணக்கைப் பார்ப்போம். எம்.ஜி.ஆர். திரைக்கு வந்தது 1936-இல், ‘சதி லீலாவதி’யில். நாயகன் ஆனது 1947-இல், ஜூபிடரின் ‘ராஜகுமாரி’யில். பாடத் தெரிந்தவனே நாயகன் என்றிருந்த பாகவதர், சின்னப்பா காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்னும் வழக்கம் வேர்பிடித்துக்கொண்டிருந்தது. ‘ராஜகுமாரி’யில் எம்.ஜி.ஆருக்குப் பாடியவர் எம்.எம்.மாரியப்பா. சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்குப் பாடி ஊரெல்லாம் கேட்கவைத்தது 1954-இல், கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ‘மலைக்கள்ளன்’ படத்தில், எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் இசையில். நாயகனாகி ஏழு ஆண்டு ஓடிய பிறகுதான் நாம் ‘அசல்’ என்று சொல்லும் குரல் வந்து சேர்ந்தது. அந்தக் குரலின் தொடக்கமும் இன்னொருவர் நிழலில்தான்: ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் டி.எம்.எஸ். பாடியதைக் கேட்டால் தியாகராஜ பாகவதர் காதில் விழுவார். சிவாஜி பக்கம் திரும்பினாலும் இதே கதை. ‘பராசக்தி’யில் சிவாஜிக்குப் பாடியவர் சிதம்பரம் ஜெயராமன். 1954-இல் ‘தூக்குத் தூக்கி’க்கு டி.எம்.எஸ். வந்தபோது, ஜெயராமன் குரல் அல்லவா சிவாஜிக்குப் பொருந்தும் என்ற தயக்கம் இருந்தது. ஆக, புதிதாக வந்தவர் பொருந்துவாரா என்ற கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் சௌந்தரராஜன்தான். அன்று அவரை நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்வியை இன்று அவர் பெயராலேயே மற்றவர்களிடம் கேட்கிறோம்.

அடுத்தது ஒப்புக்குச் சப்பாணி என்ற ஏச்சு. 1954-இல் குரல் முடிவாகிவிட்டது என்றால் அதற்குப் பிந்திய ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 1955-இல் ‘குலேபகாவலி’யில் எம்.ஜி.ஆருக்கு ஏ.எம்.ராஜா பாடுகிறார். 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வருகிறது. பானுமதியோடு இணைந்து ‘மாசிலா உண்மைக் காதலே’ பாடும் நாயகக் குரல் ராஜாவுடையது. 1957-இல் ‘சக்கரவர்த்தித் திருமகள்’, 1961-இல் ‘நல்லவன் வாழ்வான்’ இரண்டிலும் சீர்காழி கோவிந்தராஜன். அதே 1961-இல் ‘திருடாதே’ படத்திலும் மறு ஆண்டு ‘பாசம்’ படத்திலும் காதல் பாட்டுக்கு பி.பி.ஸ்ரீநிவாஸ். இதில் ‘திருடாதே’ தனியாக நின்று பார்க்கத் தக்கது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய அறிவுரைப் பாட்டு டி.எம்.எஸ்ஸுக்கு, சரோஜாதேவியோடு பாடும் ‘என்னருகே நீ இருந்தால்’ ஸ்ரீநிவாசுக்கு. படம் ஒன்று, இசையமைப்பாளர் ஒருவர், முகம் ஒன்று, தொண்டை இரண்டு. ஆள் கிடைக்காததால் வந்த ஏற்பாடு என்று இதைச் சொல்ல வழியில்லை, டி.எம்.எஸ். அதே படத்தில்தான் இருக்கிறார். சிறுவனுக்குப் புத்தி சொல்லும் மனிதனுக்கு ஒரு குரலும், பெண்ணின் காதோரம் பேசும் மனிதனுக்கு வேறொரு குரலும் வேண்டும் என்று சுப்பையா நாயுடு நினைத்திருக்கிறார். அந்த நினைப்பு சரி என்பதை அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் போதும், தெரிந்துவிடும்.

இந்த ஒவ்வொரு குரலும் திரையில் ஒவ்வொரு எம்.ஜி.ஆரை உண்டாக்கியது. ராஜாவின் குரல் மெல்லிய வேட்டி போல, உடம்பில் இருப்பதே தெரியாது. அரபுக்கதை நாயகனாகக் கனவில் மிதக்கும் எம்.ஜி.ஆர். அந்தக் குரலில் பிறந்தவர். சீர்காழியின் குரல் கோயில் மணி. மேல்ஸ்தாயியில் நின்று அது ‘கணீர்’ என்று விழும்போது தனியாளின் காதல்கூட ஊரறிய அறிவித்த செய்தியாகிவிடும். ஸ்ரீநிவாஸ் தாழ்ந்த குரலில், பாதி மூச்சாகப் பாடுவார். வாள் சுழற்றும் வீரன் வாளைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவது போல இருக்கும். சௌந்தரராஜன் நெஞ்சிலிருந்து எடுத்து வல்லினத்தில் அழுத்தி நிறுத்துவார். நீதி கேட்பவன், தாயை வணங்குபவன், தொழிலாளி, மீனவன், ரிக்‌ஷாக்காரன் என்று பொதுமக்கள் கண்ணில் நிற்கும் எம்.ஜி.ஆருக்கு அந்த அழுத்தம்தான் முதுகெலும்பு. இதை நான் மறுக்கவில்லை. முதுகெலும்பு இருப்பதால் கையும் காலும் ஒட்டுப்போட்டவை ஆகிவிடுமா என்பதே கேள்வி.

டி.எம்.எஸ். குரலே எம்.ஜி.ஆரின் அடையாளம் என்பவர்கள் இன்னொரு சிக்கலுக்கு இதுவரை விடை சொன்னதில்லை. அதே தொண்டைதான் சிவாஜிக்கும் பாடியது. 1954-இலேயே ‘மலைக்கள்ளன்’ ஒரு பக்கம், ‘தூக்குத் தூக்கி’ மறுபக்கம். அதிலிருந்து கால் நூற்றாண்டு, சுவரொட்டியில் சாணி அடித்துக்கொண்ட இரண்டு ரசிகர் கூட்டமும் ஒரே மனிதரின் குரலைத் தங்கள் தலைவரின் குரல் என்று உரிமை கொண்டாடின. ஒரு குரல் ஒரு முகத்துக்கே சொந்தம் என்றால் இது நடந்திருக்க முடியாது. இதற்கு ரசிகர்கள் சொல்லும் பதில் தெரிந்ததுதான்: டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு வேறு மாதிரி, சிவாஜிக்கு வேறு மாதிரி பாடுவார். உண்மை. ஆனால் அந்தப் பதில் என் கட்சிக்கு வந்து சேரும் சாட்சி. அடையாளம் தொண்டையில் இல்லை, பாடும் விதத்தில் இருக்கிறது. பாடும் விதமோ மெட்டு, வார்த்தை, காட்சி, நடிகரின் உடல் எல்லாம் கூடித் தீர்மானிப்பது. ஒரே ஆள் இரண்டு குரலாக முடியும் என்று ஒப்புக்கொண்டால், பல ஆள் சேர்ந்து ஒரு முகத்துக்குக் குரலாக முடியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கு நம் ஊரோடு முடிவதில்லை. மின்கிதாரும் பறை போல் அதிரும் டிரம்ஸும் கொண்ட ஹெவி மெட்டல் இசையில் அரை நூற்றாண்டாக இதே சண்டை நடக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் 1968-இல் தோன்றிய பிளாக் சாபத் குழுவை எடுத்துக்கொள்வோம். அதில் கடைசிவரை மாறாமல் இருந்தவர் கிதார்க்காரர் டோனி அயோமி ஒருவரே. ஓஸி ஆஸ்போர்ன் பாடினார், 1979-இல் நீக்கப்பட்டார். ரானி ஜேம்ஸ் டியோ வந்தார். பிறகு இயான் கில்லன், கிளென் ஹியூஸ், டோனி மார்ட்டின் என்று ஆள் மாறி, நடுவே டியோ ஒருமுறையும் கடைசியில் ஓஸியும் திரும்பி வந்தார்கள். ஓஸிதான் சாபத், மற்றவர் வாடகைக்கு வந்தவர் என்பது அங்கே பெருங்கூட்டத்தின் தீர்ப்பு. அதை உடைக்கும் சான்று பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘அயர்ன் மேன்’ போன்ற பாட்டில் கிதார் எந்த வழியில் போகிறதோ அதே வழியில் ஓஸியின் குரலும் நடக்கும். டியோ அப்படிப் பாடுகிறவர் இல்லை. கிதார் ஒரு பக்கம் போனால் அவர் குறுக்கே தன் மெட்டைப் போட்டுக்கொண்டு போவார். சொற்களையும் அவரே எழுதினார். அதனால் 1980-இன் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ தொகுப்பில் அயோமி வாசித்த முறையே மாறியது. ஆள் மாறியதால் பாட்டின் கட்டுமானம் மாறியது. இதில் அசல் எது, நகல் எது என்று கேட்பது கிணற்று நீரையும் ஆற்று நீரையும் நிறுத்திவைத்து எது நிஜத் தண்ணீர் என்று கேட்பதற்குச் சமம். 2006-க்குப் பிறகு டியோவோடு சேர்ந்து மேடையேறியபோது அயோமியும் கூட்டாளிகளும் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்றே குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டாம் என்று அவர்களே சொன்னது போலாயிற்று.

தராசு தவறாகும்போது என்ன ஆகும் என்பதற்கு அயர்ன் மெய்டன் குழு நல்ல பாடம். 2007-இல் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்த அதே குழு. முதல் இரண்டு தொகுப்புகளில் பால் டி’ஆனோ பாடினார். 1981-இல் புரூஸ் டிக்கின்சன் வந்தார், உயரத்தில் பறக்கும் குரல். அவர் விலகியபின் 1995-இலும் 1998-இலும் வந்த தொகுப்புகளில் பிளேஸ் பெய்லி. பெய்லியுடையது தாழ்ந்த, கனத்த குரல். மேடையில் அவர் டிக்கின்சனின் உச்சிப் பாட்டுகளை அதே சுருதியில் பாட வேண்டியிருந்தது, திணறினார், ரசிகர்கள் அவரைக் குழுவின் இருண்ட காலம் என்று எழுதி மூடிவிட்டார்கள். ஆனால் அவர் காலத்தில், அவர் குரலுக்கென உருவான ‘சைன் ஆஃப் தி கிராஸ்’, ‘தி கிளான்ஸ்மேன்’ இரண்டும் 1999-இல் டிக்கின்சன் திரும்பி வந்த பிறகும் குழுவின் மேடையில் நிலைத்தன. பாட்டில் பழுதில்லை, பாடகரிலும் பழுதில்லை. ஒருவருக்கு அளவெடுத்த சட்டையை இன்னொருவருக்கு மாட்டிவிட்டுத் தோள் சரியில்லை என்றதுதான் பழுது. நம் மெல்லிசை மேடைகளிலும் இதுதான் நடக்கிறது. ‘மலைக்கள்ளன்’ பாட்டைப் பாலசுப்ரமணியம் பாடியிருந்தால் இப்படி வருமா என்று கேட்கிறார்கள். வராது. ‘ஆயிரம் நிலவே வா’ பாட்டை டி.எம்.எஸ். பாடியிருந்தால் அப்படி வருமா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

அந்தப் பாட்டிலிருந்துதான் எம்.ஜி.ஆர். குறைய ஆரம்பித்தார் என்பது தீர்ப்பின் மூன்றாம் பகுதி. 1969-இல் வந்த ‘அடிமைப்பெண்’ எம்.ஜி.ஆரின் சொந்தப் படம். இசை கே.வி.மகாதேவன். தாயைப் பற்றிய பாட்டு டி.எம்.எஸ்ஸுக்கு, புலமைப்பித்தன் எழுதிய அந்தக் காதல் பாட்டு இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த, தமிழுக்கே புதிய பாலசுப்ரமணியத்துக்கு. ‘திருடாதே’ படத்தில் சுப்பையா நாயுடு போட்ட அதே பங்கீடு, எட்டு ஆண்டு கழித்து. பாட்டுப் பதிவுக்கு முன் பாலசுப்ரமணியம் காய்ச்சலில் படுத்துவிட, வேறு ஆளைப் போடாமல் அவர் எழுந்து வரும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்தார், இதைப் பாலசுப்ரமணியமே பல மேடைகளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார். யாராவது ஒருவர் பாடினால் போதும் என்று நினைப்பவர் காத்திருக்கமாட்டார். காரணத்தையும் ஊகிப்பது கடினமில்லை. 1917-இல் பிறந்த எம்.ஜி.ஆருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இளைஞனாகவே திரையில் நிற்க வேண்டிய நாயகனுக்கு ஒப்பனைக்காரரால் முகத்தைத்தான் இளமையாக்க முடியும். குரலை இளமையாக்க இளைஞன்தான் வேண்டும். அதே ஆண்டில் வெளியான ‘ஆராதனா’வின் கிஷோர்குமார் பாட்டுகள் சென்னை முதல் சிற்றூர்வரை வானொலி வழியே புகுந்து, நாயகக் குரல் இனி சிரித்துக்கொண்டே, மைக்கின் பக்கத்தில் நின்று பேசுவது போலப் பாடலாம் என்று தமிழ்க் காதுகளுக்குக் கற்றுக்கொடுத்தன. காலம் திரும்புவதை எம்.ஜி.ஆர். நம்மைவிட முன்னால் கேட்டார்.

இங்கே எழக்கூடிய மறுப்புகளை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. முதலாவது எண்ணிக்கை. எம்.ஜி.ஆருக்கு மிக அதிகமாகப் பாடியவர் டி.எம்.எஸ்.; அறுபதுகளின் நடுவில் ஏறத்தாழ அவர் ஆட்சிதான்; அறிவுரைப் பாட்டு மட்டுமல்லாமல் காதல் பாட்டிலும் கொடிகட்டினார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கை பெருவழக்கைக் காட்டுமே ஒழிய மற்றவர் தேவையற்றவர் என்று காட்டாது. பந்தியில் சோறுதான் அதிகம் விழுகிறது. அதனால் பாயசம் தவறிப் பரிமாறியது ஆகிவிடாது. இரண்டாவது, உதட்டுக்கும் குரலுக்கும் உள்ள பொருத்தம். டி.எம்.எஸ். பாடினால் எம்.ஜி.ஆரே பாடுவது போல இருக்கும் என்கிறார்கள். 1967 ஜனவரி 12-ஐ இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அதன்பின் அவர் பேச்சு பழையபடி திரும்பவில்லை. திரையில் வசனம் பேசும்போது அந்தத் தழுதழுப்பு எல்லாருக்கும் கேட்டது. அடுத்த நிமிடமே டி.எம்.எஸ். குரலில் கணீரென்று பாட்டு வந்தது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளி எந்தக் கொட்டகையிலும் ஒரு ரசிகனையும் உறுத்தியதில்லை. பொருத்தம் என்பது குரலில் இயற்கையாக இருப்பது என்றால் 1967-லேயே டி.எம்.எஸ். பொருந்தாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் பொருத்தம் நம் காது பழகிச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். டி.எம்.எஸ்ஸோடு செய்ததை யேசுதாசோடும் செய்துகொண்டோம்.

மூன்றாவது மறுப்பு தமிழைப் பற்றியது, கொஞ்சம் கூர்மையானது. பாலசுப்ரமணியம் தெலுங்கர், யேசுதாஸ் மலையாளி. மதுரையில் பிறந்த டி.எம்.எஸ்ஸின் தமிழ் அவர்களுக்கு வருமா என்பார்கள். நிலக்கோட்டைக்கு மதுரை கூப்பிடு தூரம் என்பதால் இந்த மறுப்பில் சொந்த ஊர்ப் பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கிறது, அது தப்பில்லை. டி.எம்.எஸ். ழகரத்தையும் றகரத்தையும் உச்சரித்த துல்லியம் எந்தக் காலத்துப் பாடகருக்கும் பாடம் என்பதும் உண்மை. ஆனால் அந்தத் துல்லியம் பிறப்பால் வந்ததா? டி.எம்.எஸ். வீட்டில் பேசியது சௌராஷ்டிரம். ராஜாவும் ஸ்ரீநிவாசும் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள். அவர்களோடு சேர்ந்து பாடிய சுசீலாவும் அப்படியே. அவர்கள் தமிழை யாரும் குறை சொல்வதில்லை. ஏன், எம்.ஜி.ஆரே கண்டியில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்தவர்தானே. உச்சரிப்பு உழைப்பால் வருவது என்பதற்கு டி.எம்.எஸ்ஸைவிடப் பெரிய சான்று இல்லை. அதை அவருடைய பிறவிச் சொத்தாக்கினால் அவர் பட்ட உழைப்பைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

நான்காவதாக, மனத்தாங்கல் கதை. எம்.ஜி.ஆருக்கும் டி.எம்.எஸ்ஸுக்கும் ஏதோ கசப்பு, அதனால்தான் புதியவர்கள் உள்ளே வந்தார்கள் என்று ஒரு பேச்சு ஓயாமல் சுற்றுகிறது. உள்ளுக்குள் என்ன இருந்தது என்பதை வெளியாட்கள் ஊகிக்க வேண்டியதில்லை, படங்களே பேசும். 1973-இன் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ எம்.ஜி.ஆர். தாமே தயாரித்துத் தாமே இயக்கிய படம், எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. அதில் ‘பச்சைக்கிளி முத்துச்சரம்’, ‘சிரித்து வாழ வேண்டும்’ எனப் பல பாட்டுகள் டி.எம்.எஸ்ஸுடையவை. ‘அவள் ஒரு நவரச நாடகம்’ பாலசுப்ரமணியம். ‘தங்கத் தோணியிலே’ யேசுதாஸ். 1974-இன் ‘உரிமைக்குரல்’ படத்தில் ‘விழியே கதை எழுது’ யேசுதாசுக்கு, டி.எம்.எஸ்ஸும் அதே படத்தில் பாடுகிறார். அதே ஆண்டு ‘நேற்று இன்று நாளை’யில் பாலசுப்ரமணியத்தின் ‘பாடும்போது நான் தென்றல் காற்று’, டி.எம்.எஸ். பாட்டும் உண்டு. 1975-இன் ‘இதயக்கனி’யிலும் டி.எம்.எஸ். கோபித்துக்கொண்டு வெளியேற்றியவரை இத்தனை ஆண்டு கூடவே வைத்துக்கொண்டு யாராவது படம் எடுப்பார்களா? இன்னொன்று: கொள்கைப் பாட்டு என்றால் டி.எம்.எஸ்ஸைத் தவிர ஆள் கிடையாது என்ற நம்பிக்கையையும் அதே 1975 கலைத்துவிட்டது. ‘பல்லாண்டு வாழ்க’ படத்தில் கைதிகளைத் திருத்தும் ஜெயிலராக எம்.ஜி.ஆர். பாடும் ‘ஒன்றே குலமென்று பாடுவோம்’ யேசுதாஸ் குரலில் வந்தது. அங்கே தேவைப்பட்டது முழக்கம் அல்ல, பிரார்த்தனை. கே.வி.மகாதேவனும் அதற்கேற்ற தொண்டையைத் தேடிப் பிடித்தார்.

இத்தனை சான்றும் கண்முன் கிடக்க, ஒற்றைக் குரல் நம்பிக்கை எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கியது? எனக்குத் தெரிந்தவரை, நாம் எம்.ஜி.ஆரை எங்கே, எதன் வழியே கேட்டோம் என்பதில் பாதி விடை இருக்கிறது. இந்தச் சமவெளியில் அவர் பாட்டு பெரும்பாலும் வீட்டுக்குள் வந்ததில்லை. வேப்பமரக் கிளையிலும் கோயில் கோபுரத்து ஓரத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து காட்டைத் தாண்டி வந்தது. அந்தக் குழாய்க்குத் தாழ்ந்த ஓசையைச் சுமக்கத் தெரியாது. நடுத்தர ஓசையையும் கூர்மையையும்தான் அது தூரத்துக்கு எறியும். ஸ்ரீநிவாசின் அடங்கிய மூச்சும் யேசுதாசின் அடிக்குரலும் இரண்டு வயல் தாண்டுவதற்குள் கரைந்துபோகும். டி.எம்.எஸ்ஸின் வல்லினம் பூப்பறிக்கிறவர்கள் காதுவரை உடையாமல் போய்ச் சேரும். மறுபாதி அரசியல் மேடை. கட்சிக் கூட்டத்துக்கு முன்னால் போடுவதற்குக் காதல் பாட்டு உதவாது. நீதி கேட்கும் பாட்டு வேண்டும், அவை பெரும்பாலும் டி.எம்.எஸ். பாடியவை. குழாயும் மேடையும் சேர்ந்து சலித்து எடுத்ததைத்தான் நாம் மொத்த விளைச்சல் என்று நம்பிவிட்டோம். சல்லடையில் நின்றதை வைத்துக் களத்தில் கிடந்ததை அளக்கக் கூடாது.

அப்படியானால் பாடகர்களை ஒப்பிடவே கூடாதா என்று கேட்கலாம். தாராளமாக ஒப்பிடலாம், ஒப்பீடு இல்லாமல் ரசனை ஏது? ஜெமினி கணேசனுக்கு ராஜாவும் பாடினார், ஸ்ரீநிவாசும் பாடினார். அதில் யார் அசல் என்று எவரும் வேட்டியை மடித்துக் கட்டுவதில்லை, இரண்டையும் ருசித்துக் கேட்கிறோம். எம்.ஜி.ஆர். விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தப் பாட்டு என்ன வேலைக்கு வந்தது, இந்தக் குரல் அந்த வேலையைச் செய்ததா? அப்படிக் கேட்டால் மற்றவர்கள் பாடியதிலும் தோற்றவை அகப்படும், டி.எம்.எஸ். பாடியதிலும் மென்மை வேண்டிய இடத்தில் மல்லுக்கட்டியவை அகப்படும். அப்போதுதான் அவர் பெருமையும் முழுதாகத் தெரியும். போட்டிக்கு ஆளே இல்லாத களத்தில் ஜெயித்தவராக அவரை நிறுத்துவதைவிட, ராஜாவும் சீர்காழியும் ஸ்ரீநிவாசும் பாலசுப்ரமணியமும் யேசுதாசும் இறங்கி நின்ற களத்தில், பலநூறு முறை மறுபடியும் கூப்பிடப்பட்டவராக நிறுத்துவதே அவருக்கு மாலை.

கடைசியாக ஒரு சாட்சி, அதுவும் இந்த மண்ணிலிருந்தே. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். 1973 மே மாதம் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது. அதே மே மாதம், அப்போது மதுரை மாவட்டத்தோடு இருந்த திண்டுக்கல்லில் நாடாளுமன்ற இடைத்தேர்தல். மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று வென்றார், அந்தச் சின்னத்துக்கும் கட்சிக்கும் அதுவே முதல் வெற்றி. படமும் தேர்தலும் கைகோத்து வந்த அந்த மாதத்தில், திரை விரிந்ததும் வெற்றியை முன்கூட்டியே அறிவிக்கும் பாட்டு ஒன்று எம்.ஜி.ஆர். படத்தின் தலைப்பில் முழங்கியது. தயாரித்தவரும் இயக்கியவரும் அவரே, யாரை வேண்டுமானாலும் பாடவைத்திருக்கலாம், டி.எம்.எஸ். அதே படத்தில் பாடிக்கொண்டுதான் இருந்தார். தம் அரசியல் வாழ்வின் மிக முக்கியமான அந்த முழக்கத்தை எம்.ஜி.ஆர். கொடுத்தது சீர்காழி கோவிந்தராஜனிடம். தம் குரல் எது என்பதில் அவருக்கே இல்லாத பிடிவாதம் நமக்கு எதற்கு?